கண்ணுக்குள்ளே ஒரு வெட்டம்

முதல் தடவை அது வந்தபோது நான் தனுவச்சபுரத்தில், கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தேன். யாரோ ஒரு மாணவியின் ப்ராஜெக்ட், மலையாளத்தில். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் நின்று, பஸ் வருவதற்குள் பிரிண்ட் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். நான் திரையில் ஒரு வார்த்தையைப் பார்த்தேன். அதன் முதல் எழுத்து இருந்தது, கடைசி எழுத்து இருந்தது, நடுவில் உள்ளவை இல்லை. அழிந்த மாதிரியும் இல்லை, மங்கின மாதிரியும் இல்லை. அந்த இடமே அங்கே இல்லை.

கண்ணைக் கசக்கினேன். எழுந்துபோய் முகம் கழுவினேன். திரும்பி வந்து கவுண்டரில் நின்ற பெண்ணைப் பார்த்தால் அவள் மூக்கு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் காணாமல் போன இடத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் துடித்தது. பொட்டு வளர்ந்து வளைந்தது. விளிம்பு முழுக்க ரம்பப் பல் போல வெட்டு வெட்டாக, வெள்ளையும் நீலமுமாக மின்னிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினாலும் போகவில்லை.

பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் பெண்ணிடம், "இதை நீ முடிச்சுக் குடு, எனக்கு எழுத்து காணேல்ல" என்றேன்.

"கண்ணாடி போடணுமாயிருக்கும், சேச்சி" என்றாள் அவள்.

அந்த வளைவு பெரிதாகிப் பெரிதாகி, ஒரு பக்கமாக ஒதுங்கி, கண்ணின் கரையைத் தாண்டிப் போய்விட்டது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எல்லா எழுத்தும் திரும்ப வந்தன. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் தலையின் இடது பக்கம் வலிக்கத் தொடங்கியது. வாந்தி எடுத்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இது என்ன என்ற கேள்விக்கு அன்றைக்கே எனக்கு ஒரு பதில் தோன்றிவிட்டது. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எங்கே பார்த்தாலும் ஒரு கீறல் நிற்கும். இதுவும் அந்த இனம்தான் என்று நினைத்தேன். அன்று காலையில் துணி காயப்போடும்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்தும் இருந்தேன். என் கணவருக்கு வெல்டிங்தான் தொழில். அவருடைய ஷெட் எங்கள் வீட்டின் சுவரை ஒட்டி இருந்தது.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் சரிவில் இருக்கிறது. ஷெட்டுக்கு மேலே தகர ஷீட், மூன்று பக்கமும் திறப்பு. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக்குக் கைப்பிடி, மொட்டை மாடிக்கு மேல் கூரை போடும் ட்ரஸ், எல்லாம் செய்வார். பனச்சமூட்டிலிருந்து ஆள் வரும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். மலையாளத்தில் பேரம் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு கேட்டைச் செய்து முடித்தால் உடனே கொடுத்து அனுப்ப மாட்டார். ஒரு நாளாவது ஷெட்டில் சாய்த்து வைத்து, போகிற போக்கில் பார்த்துக்கொள்வார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தமும் கருகின வாசனையும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தன. பிறகு பழகி, பிறகு அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வெறிச்சென்று தோன்றும் அளவுக்கு ஆனது. வெல்டிங் ராடை இரும்பில் தட்டும் முன்னால் "கண்ணு" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுக்களை ஜன்னலில் நின்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகள் பேசப் பழகியபோது பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் "கண்ணு" என்பாள். அவர் முகத்தை மறைக்கும் ஷீல்டைத் தூக்கிவிட்டுச் சிரிப்பார்.

இரண்டாவது தடவை சர்ச்சில் வந்தது. பாட்டுப் புத்தகத்தில் வரிகள் பாதிப் பாதியாக இருந்தன. மூன்றாவது தடவை பஸ்ஸில். எனக்குக் கண் போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை நான் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கேடும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு வயதான டாக்டரிடம் போனோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது கொடிஞ்ஞி ஆக்கும்" என்றார். ஒற்றைத் தலைவலியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வலி வரும் முன்னால் சிலருக்குக் கண்ணில் இந்த வெளிச்சம் காணும், அது கண்ணில் நடப்பதில்லை, மூளையில் நடப்பது, கண் போகாது என்று விளக்கினார்.

"எதுனாலே வருது, டாக்டர்?" என்று கேட்டது என் கணவர்.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு. நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா வரும். தூக்கம் கெட்டா வரும். பெண்களுக்கு மாசத்துல அந்த நாளையொட்டி வரும். சில வாசனை, சில சாப்பாடு, வெயில், கண்ணுல அடிக்கிற வெளிச்சம். இவங்களுக்கு எதுன்னு நீங்கதான் கவனிச்சுப் பாக்கணும்."

டாக்டர் சொன்னதில் பல இருந்தன. என் கணவர் காதில் கடைசியாகச் சொன்னதுதான் விழுந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று என்னை இந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினோம். காப்பி நின்றது. நான் ஆசையாகத் தின்னும் பாளையங்கோட்டன் வாழைப்பழம் நின்றது, ஏனென்றால் இரண்டு தடவை அதைத் தின்ற மறுநாள் வந்தது. பலாப்பழத்தை வீட்டுக்குள் அரிய வேண்டாம் என்று மாமி, அதாவது என் மாமியார், வெளியே பலகை போட்டு உட்கார்ந்தாள். மல்லிகைப்பூ வேண்டாம், வாசனைப் பவுடர் வேண்டாம். சாயங்காலம் டிவியின் வெளிச்சத்தைக் குறைத்து, மாமி பாதி இருட்டில் சீரியல் பார்த்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் எனக்கு வேண்டி, என் நல்லதுக்குத்தான். அதனால்தான் எதையும் வேண்டாம் என்று நான் சொல்ல முடியவில்லை.

ஒன்றும் பலன் இல்லை. ஒரு மாதம் வராது. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு தடவை வரும்.

"அந்த வெட்டமாக்கும் காரணம்" என்று மாமி ஒரு நாள் வெல்டிங் வெளிச்சத்தைக் காட்டி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "எலே, நீ அதுக்கொரு மறைவு வைய்யி."

என் கணவர் ஷெட்டின் வீட்டுப் பக்கத்தில் தகரம் அடித்தார். தகரத்தின் இடுக்கில் கறுப்புத் துணி தொங்கவிட்டார். அதற்குப் பிறகும் வந்தபோது, நான் கடைக்குப் போன பிறகுதான் ராடைக் கையில் எடுப்பது என்று வைத்துக்கொண்டார். நான் திரும்பி வரும் நேரத்துக்கு கிரைண்டரும் வெல்டிங்கும் நின்றிருக்கும். அவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார். அவசர வேலைகள் கைவிட்டுப் போயின. நாள் முழுக்க நான் கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. வெல்டிங்தான் கண்ணுக்கு நேராகப் பளிச்சென்று அடித்தது. பழியும் அதன்மேலேயே போய் உட்கார்ந்தது.

மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு விபத்து நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை பெய்து ஓய்ந்து, ஈர ரோட்டில் வெயில் சரிந்து விழுந்தது. சரிவில் இறங்கும்போது ரோட்டின் இடது பாதி இல்லாமல் போயிற்று. வருகிறது என்று புரிந்தவுடனே நிறுத்தத்தான் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ஆட்டோ நின்றது எனக்குத் தெரியவில்லை. அதில் உரசி விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்குக் கை எலும்பில் கீறல். விழுந்து கிடக்கும்போதும் என் கண்ணுக்குள் அந்த ரம்பப் பல் மின்னிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் தேடித்தான் பிள்ளையின் முகத்தைக் கண்டுபிடித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவர் ஷெட்டைத் திறக்கவில்லை. மகள் மாவுக்கட்டோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"இனி இதை இஞ்ச வைக்க வேண்டாம்" என்றார்.

"எதை?"

"ஷெட்டை."

"ரோட்டுப் பக்கம் வேற இடம் பாப்போமா?"

"பாத்தாச்சு. வெல்டிங்குன்னு சொன்னா யாரும் தரேல்ல. சத்தம் எண்ணு சொல்லுதாங்க." கொஞ்ச நேரம் மகளின் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். "சித்தப்பா மகன் தம்மாமுல இருக்கான் இல்லையா. அங்க ஆள் வேணும்னு சொல்லியிருக்கான்."

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் வேறு என்ன முடிவு வரும்? அந்த நேரத்தில் எனக்கு அது சரியான முடிவாகக்கூடத் தோன்றியது. அவர் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் மெஷினைக் கொடுத்தார். அதுவரை பாஸ்போர்ட்டைப் பற்றி நினைத்தே பார்க்காத மனிதர், போட்டோ எடுக்கப் போவதற்கு வெள்ளைச் சட்டை தேய்த்துத் தரச் சொன்னார். எங்கள் ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போனபோது, "எனக்கு இஞ்ச இரும்பு உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அங்கேயும் அதே வேலைக்குத்தான் போனார். என் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் வெல்டிங் செய்தார்.

அவர் போன மாதமே எனக்கு வந்தது.

பகல் நேரம். ஷெட் இருந்த இடத்தில் தரையில் உருகி ஒட்டிய இரும்புப் பொட்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை. நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றின் நுனி காணாமல் போயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வலிக்காக வந்த அழுகை இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டபோது சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"இஞ்சேருங்க, திரும்பவும் வந்தது."

"வெல்டிங் இல்லாம எப்படி?" என்றார்.

"தெரியேல்ல."

"உடம்புல ஊறினது போகக் கொஞ்சம் நாள் ஆகும் ஆயிருக்கும். பாப்போம்."

பார்த்தோம். வருடக்கணக்கில் பார்த்தோம். அடுத்தடுத்த போன்களில் அவர் வேறு வேறு காரணங்களைச் சொன்னார். தண்ணீர் போதாமல் இருக்கும். டியூப் லைட்டை மாற்று. ரப்பர் ஷீட் காயப்போடும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதா பார். அவர் தங்கும் கேம்பில் யாரோ சொன்ன ஒவ்வொரு மருந்தையும் எனக்கு ஒப்பித்தார். திரும்பி வந்துவிடுங்கள் என்று நானும், வந்துவிடுகிறேன் என்று அவரும் சில தடவை சொல்லிக்கொண்டோம். அதற்குள் வாழ்க்கை அந்த வழியில் ஓடத் தொடங்கிவிட்டது. அவருடைய தங்கைக்குக் கள்ளிக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தது. வீட்டுக்கு மாடி எழும்பியது. மகளின் படிப்பு வந்தது. எந்தக் காரணத்துக்காகப் போனாரோ அது இல்லை என்று ஆன பிறகும், திரும்பி வராமல் இருக்கப் புதிய காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அவர் லீவில் வரும்போதெல்லாம், வந்த முதல் வாரத்துக்குள் எனக்கு அந்த வெளிச்சம் வந்துவிடும். இப்போது யோசித்தால் புரிகிறது. அவர் வரும் முன் இரண்டு நாள் நான் வீட்டைக் கழுவித் துடைப்பேன், சரியாகச் சாப்பிட மாட்டேன், விடியும் முன் கார் பிடித்து விமான நிலையத்துக்குப் போவேன், வந்த பிறகு சொந்தக்காரர்கள், சமையல், பேச்சு. வராமல் என்ன செய்யும்? அன்றைக்கு எங்கள் இருவருக்கும் இந்தக் கணக்குத் தெரியவில்லை.

முதல் லீவில் வந்தபோது அவர் சட்டையில் அடித்திருந்த சென்ட்டைச் சந்தேகப்பட்டார். அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் குளித்தார். அடுத்த லீவில் சென்ட் இல்லை. அப்போதும் வந்தது. நான் இருட்டு அறையில் படுத்திருந்தேன். அவர் வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், "இஞ்ச பாரு, நான் வந்தாத்தான் உனக்கு வருது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வலியில் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அப்படி இல்லை என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வலி தீர்ந்த பிறகு சொன்னேன். அதற்குள் அது அவர் மனதில் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு லீவில் வந்தால் அவர் ஒரு விருந்தாளி போல நடந்துகொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். நான் நன்றாகத் தூங்க வேண்டும் என்று வந்த முதல் நாட்களில் மாடி அறையில் போய்ப் படுப்பார். ஒரு வருடம் லீவைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பினார். கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றார். உண்மையாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமி இறந்தபோது அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தவர், "உனக்குத் தலை எப்படி இருக்கு?" என்றுதான் என்னிடம் கேட்டார்.

மகள் நர்சிங் படிக்கப் போனாள். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் போன் செய்து, "அம்மா, தலைவலிக்குத் தனியா பாக்கிற டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. நான் டோக்கன் எடுத்தாச்சு. நீங்க வாங்க" என்றாள். திருவனந்தபுரத்துக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். மலையாளத்தில் பேசினாள். ஒன்றையும் அவசரப்படுத்தாமல் கேட்டாள். என்னவெல்லாம் விலக்கினோம் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சேச்சி, வெளிச்சம் வருவதற்கு முந்தின நாள் எப்படி இருக்கும்? கொட்டாவி வருமா? கழுத்து பிடிக்குமா? இனிப்பு தின்னத் தோணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிப்பு தின்ன வேண்டும் போல் வரும். அப்போதுதான் அந்தப் பழத்தைத் தேடித் தேடித் தின்பேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். இந்த நோய் வெளிச்சம் தெரியும்போது தொடங்குவதில்லை. அதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே, சிலருக்கு முந்தின நாளே, உள்ளே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் சிலருக்கு இனிப்பு கேட்கும், சிலருக்கு வாசனை பொறுக்காது, சிலருக்குச் சாதாரண வெளிச்சமே கண்ணில் குத்தும். பிறகு நோய் வெளிப்படையாக வரும்போது, பழம் தின்றேன் அதனால் வந்தது, வெளிச்சத்தைப் பார்த்தேன் அதனால் வந்தது என்று நினைத்துக்கொள்வோம். நோயின் தொடக்கத்தையே நோயின் காரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

"அப்போ வெல்டிங்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெளிச்சத்தால் நிஜமாவே வருகிறவர்களும் உண்டு. ஆனா அது நின்ன பிறகும் அதே மாதிரி வந்ததுன்னா, அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு, "காலையில் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

காலையில் நான் பால் இல்லாத ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு ஓடுவேன். மதியச் சாப்பாடு வேலை முடிந்தால்தான். பல நாள் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். நெய்யாற்றின்கரை டாக்டர் முதலாவதாகச் சொன்னதே இதுதான். சாப்பாடு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் தின்றார்கள்.

நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தினமும் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் அவள் எழுதிக் கொடுத்தது. அடியோடு போகாது, குறையும் என்றாள். குறைந்தது.

அன்று பாசஞ்சர் ரயிலில் பாறசாலைக்குத் திரும்பினோம். மகளும் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்போ அப்பா எதுக்கும்மா போனாங்க?" என்று கேட்டாள்.

"குடும்பத்துக்கு வேண்டி, மக்களே."

"அதுக்கு முந்தி நம்ம குடும்பம் ஓடேல்லையா?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க்கை அப்பாவிடம் போனில் சொன்னாள். முதன்முதலில் சைக்கிள் ஓட்டியதைப் போனில் காட்டினாள். லீவில் வரும் அப்பாவிடம் முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டு, பழகி, பேசத் தொடங்கும்போது அவர் பெட்டி கட்டுவார். இதையெல்லாம் அவளும் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நினைத்திருப்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் எலும்பு கீறின கை. அதில் இப்போது ஒரு தழும்புகூட இல்லை.

டாக்டர் சொன்னதை அவரிடம் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வெயிலில், வேலை முடிந்து, ஒரு அறையில் பலரோடு படுத்துக்கிடக்கும் மனிதனிடம் எப்படிச் சொல்வது? நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அடுத்த வருடம் அவர் மொத்தமாகவே வந்துவிட்டார். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கும் முட்டி வலி, குனிந்து நிமிர முடியவில்லை. வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் இருவரும் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் போகத் தொலித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த கிழங்கைத் தொலித்து முடித்து, தண்ணீரில் போட்டார்.

"எல்லாரும் போனாங்க" என்றார். "நானும் எப்படியும் போயிருப்பேன்."

"நீங்க போயிருக்க மாட்டீங்க."

அவர் அடுத்த கிழங்கை எடுத்தார். எனக்கு வேண்டித்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஷெட்டைத் திரும்பப் போடலாம் என்று மகள் சொன்னாள். அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்த சிமென்ட் தளம் இருக்கிறது. கார் இல்லை, மகளின் ஸ்கூட்டர் நிற்கும். ஒரு நாள் எங்கள் வீட்டு கேட்டின் கொண்டி விட்டுப்போயிற்று. பக்கத்தில் வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டு இங்கேயே வைத்து ஒட்டிவிடுங்கள், நான் உள்ளே இருக்கிறேன், டாக்டர்தான் சொன்னார்களே என்று அவரிடம் எவ்வளவோ சொன்னேன். அவரோ கேட்டைக் கழற்றி ஒரு பெட்டி ஆட்டோவில் ஏற்றி, பனச்சமூட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டால் மெஷினே தகட்டை வெட்டித் தருகிறது. ஒட்டியது சரியில்லை என்று திரும்பி வந்து சொன்னார். அவர் செய்திருந்தால் மணி மணியாக இருந்திருக்கும். சாயங்காலம் வரை அந்த ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொன்னதை அவர் அறிவு ஏற்றுக்கொண்டது. கை ஏற்றுக்கொள்ளவில்லை.

போன மாதம் அது மறுபடியும் வந்தது. பல மாதம் கழித்து வந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, செய்தித்தாளை விரித்தேன். ஒரு வரியின் நடுவில் பள்ளம். தாளை மடித்து வைத்தேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவர் ஷெட்டில் இருப்பார், அல்லது கடலுக்கு அப்பால் இருப்பார், அல்லது வீட்டிலேயே இருந்தாலும் வாசற்படியில் நிற்பார். இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வருதா?" என்றார்.

"ம்."

எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன காணுது?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் எதனால் வருகிறது என்று கேட்காத ஆள் இல்லை. என்ன தெரிகிறது என்று வீட்டில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் அதுவரை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. வெளிச்சம் வருகிறது, எழுத்து மறைகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

"நடுவில ஒரு இடம் இல்ல. அதைச் சுத்தி வளைஞ்ச மாதிரி ஒரு கோடு. நேரான கோடு இல்ல, ஒடிஞ்சு ஒடிஞ்சு போகும். மின்னிட்டே இருக்கும். மெதுவா பெருசாகும்."

"என்ன நெறம்?"

"வெள்ளை. ஓரத்துல கொஞ்சம் நீலம். சில நேரம் மஞ்சள். ஒரு மாதிரிப் பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தின் வலது பாதிதான் எனக்குத் தெரிந்தது.

"நான் வேற என்னவோ நெனச்சேன்" என்றார். "நான் தட்டின வெட்டம் உன் கண்ணுக்குள்ள கெடந்து எரியுதுன்னு நெனச்சேன். அங்க ராடை எடுக்கும்போதெல்லாம் அதுதான் தோணும்."

எத்தனையோ சொல்ல இருந்தது. எரியவில்லை, ஒரு நாளும் எரிந்ததில்லை, அந்த வெளிச்சத்தில் வலியே கிடையாது, வலி அதற்குப் பிறகு வருவது என்று சொல்ல வேண்டும். இதை அவர் போகும் முன்னாலேயே, அந்த மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றும், கேட்காமலே நான் சொல்லியிருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் இடது பக்கம் வலி பிடித்துக்கொண்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அவர் அந்த நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.